அம்மா அனுப்பிய முகம்

மடக்கு நாற்காலியை விரிக்கும்போது சின்னவனின் கட்டைவிரல் கம்பிக்கு இடையில் மாட்டிக்கொண்டது. சுரீர் என்று வலி தலைக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

வாசலில் நடந்துகொண்டிருந்த பேச்சு பட்டென்று நின்றது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அப்பாடா, ஒரு வழியாக அழுதுவிட்டான் என்கிற நிம்மதி ஒவ்வொரு முகத்திலும் அப்பட்டமாகத் தெரிந்தது. சித்தப்பா எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"அழுதுடுப்பா. உள்ளயே போட்டு அடக்காதே."

"விரல் நசுங்கிடுச்சு சித்தப்பா."

சித்தப்பா குனிந்து விரலைப் பார்த்தார். நசுங்கித்தான் இருந்தது. நகத்தடியில் ரத்தம் கட்டிக் கறுத்துக்கொண்டு வந்தது. "ஐஸ் வை" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். பேச்சு மறுபடி தொடங்கியது, கொஞ்சம் தாழ்ந்த குரலில். எதைப் பற்றி என்று அவனுக்குத் தெரியாதா என்ன? பெற்றவள் உள்ளே கிடக்கிறாள், இவன் நாற்காலி போட்டுக்கொண்டு திரிகிறான்.

அம்மா கூடத்தில் கிடந்தாள். நேற்றுச் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கழுத்துவரை போர்த்தியிருந்தது ஆஸ்பத்திரி விரிப்பு. சுடுகாட்டுக்குக் கொண்டுபோக ஆஸ்பத்திரி வண்டி வரும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அங்கே ஒருவர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். மதியத்துக்கு மேல் வண்டி வரும். அதற்குள் அவன் அழுதாக வேண்டும்.

அழாவிட்டால் யாரும் தலையை வாங்கிவிடப் போவதில்லை. ஆனால் இன்றைக்கு விட்டால் இனி எப்போது? அம்மா இந்த வாசலைத் தாண்டும்போது அவளுக்காக ஒரு சொட்டுக்கூட விடாத பிள்ளையாக நிற்கப் போகிறோமே என்கிற பயம் காலையிலிருந்து அவனை விடவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எங்கே அழுதுவிடப் போகிறோமோ என்பது.

சின்னவன் என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். அக்காவுக்கு அடுத்துப் பிறந்தவன், அதனால் சின்னவன். வயது முப்பதைத் தாண்டி, மூக்குக்கண்ணாடிக் கடையில் மூத்த ஆளாகி, மற்றவர்கள் முகத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று சொல்கிற அளவுக்கு வந்த பிறகும் சின்னவன்தான். பதினைந்து வயதில் அவனுக்கு இன்னொரு பெயர் கிடைத்தது. அதை யார் வைத்தார்கள் என்று தெரியாது, உலகமே சேர்ந்து வைத்தது. குமிழி.

அந்த வயதில் அவன் இணையத்தில் ஒரு சேனல் நடத்தினான். சீட்டுக்கட்டு வைத்து மேஜிக். ஜன்னல் திரையைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு, புருவத்தைத் தூக்கி, குரலை வேண்டுமென்றே கரகரப்பாக்கிப் பேசுவான். பார்த்தவர்கள் வகுப்புப் பையன்கள் கொஞ்சம் பேர், அக்கா, சித்தப்பா. சித்தப்பா ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் கீழே "சூப்பர்" என்று போடுவார். பரீட்சை நெருங்கியதும் அம்மா, போதும், எல்லாவற்றையும் மூட்டை கட்டு என்றாள். கட்டினான். ஆனால் சும்மா கட்டினானா? கேமரா முன்னால் உட்கார்ந்து ரசிகர்களிடம் விடைபெற்றான். உங்க அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்னு தெரியல என்று ஆரம்பித்து, தேம்பித் தேம்பி அழுது, என்னை மறந்துடாதீங்க என்று முடிக்கும்போது இடது மூக்கிலிருந்து ஒரு குமிழி புறப்பட்டது. நல்ல உருண்டைக் குமிழி. அது உடைவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, அப்பப்பா.

மறந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டான் அல்லவா, உலகம் மறக்கவே இல்லை. எவனோ ஒரு புண்ணியவான் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, சோக இசை சேர்த்துச் சுற்றுக்கு விட்டான். இன்னொருவன் அதை ஸ்டிக்கராக்கினான். அதன் பிறகு எங்கே எவன் பந்தயத்தில் தோற்றாலும் இவன் முகம். சம்பளம் வரத் தாமதமானால் இவன் முகம். டீ ஆறிப்போனால்கூட இவன் முகம். வீடியோவை அழித்தான், சேனலை அழித்தான். லட்சம் பேர் கையில் இருக்கிற ஸ்டிக்கரை யார் வீட்டுக் கதவைத் தட்டி அழிக்கச் சொல்வது? முகத்தில் மயிர் முளைத்ததும் தாடி வைத்தான். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. கடையில் ஒரு தடவை, கண்ணாடி வர இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று ஒரு வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பினான். பதிலுக்கு அவன் முகமே வந்தது, மூக்கில் குமிழியோடு. மன்னிக்கவும் என்று எழுதி அனுப்பினான். வேறென்ன செய்ய?

அந்த வீடியோவோடு அழுகையை விட்டவன்தான். அப்பா போனபோதும் அழவில்லை. அன்றைக்கு அம்மாவும் அழவில்லை என்பதால் இவன் மேல் யாருக்கும் தனியாகக் கண் விழவில்லை. தாயும் பிள்ளையும் கல்லு மாதிரி நிக்கிறாங்களே என்று பொதுவாகப் பேசிக்கொண்டார்கள். இன்றைக்கு அந்தப் பேச்சைப் பங்கு போட்டுக்கொள்ள அம்மா இல்லை.

எதிர் வீட்டுக்காரர் கூடத்துக்குள் வந்து செல்போனை உயரத் தூக்கினார். சின்னவன் தன்னை அறியாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவர் வண்டிக்காரருக்கு வழி அனுப்ப சிக்னல் தேடிக்கொண்டிருந்தார், பாவம்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை. அவள் கையில் அம்மாவின் போன் இருந்தது.

"அம்மா வேலை பார்த்த இடத்துல இன்னும் யாருக்கும் தெரியாது. ஒருத்தங்க மட்டும் வந்திருக்காங்க. அவங்க குரூப்ல ஒரு வார்த்தை போட்டுடுடா. என்னால முடியல."

அம்மா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். விடுதிகள், ஆஸ்பத்திரிகள் என்று பல இடங்களிலிருந்து விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். அம்மா இருந்தது மடிப்புப் பிரிவு. சூட்டோடு சூடாக வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடிக்க வேண்டும். பெரிய விரிப்புகள் மெஷினுக்கு அடங்காது. நாள் முழுக்க அதுதான் வேலை. வீட்டுக்கு வந்தால் அவள் மேல் சோப்பும் ஆவியும் கலந்த ஒரு வாசனை இருக்கும்.

போனுக்கு அம்மா பூட்டுப் போட்டதில்லை. தொட்டதும் திறந்தது. குரூப்பின் பெயர் "மடிப்பு". அதைத் திறந்தவனுக்கு மண்டையில் ரத்தம் ஏறியது.

அவன் முகம். பதினைந்து வயது முகம், குமிழியோடு. அதற்குக் கீழே இன்னொருத்தி அனுப்பிய அதே முகம். அதற்குக் கீழே இன்னொன்று. மேலே தள்ளத் தள்ள அதுவே வந்தது. நடுநடுவே ஷிப்ட் நேரம், யாருடைய சாவியோ காணோம், நாளைக்குத் தண்ணீர் வராது. பிறகு மறுபடியும் அவன் முகம், வரிசையாக, பலகையில் அடித்து வைத்தது போல. பல இடங்களில் முதலில் அனுப்பியது அம்மா.

ஒரு தடவை இதே ஸ்டிக்கரை அம்மா சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டாள். யாருக்கோ ஆபரேஷன் என்று செய்தி வந்த அன்றைக்கு. சின்னவன் கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து கத்தினான். பெத்த பிள்ளையை நீயே சந்தி சிரிக்க வைக்கிறியா என்று கேட்டான். அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். சரிப்பா, இனிமே உன் கண்ணுல படாது என்றாள். சொன்னபடியே அதன் பிறகு அவன் கண்ணில் படவில்லை. அம்மா அதை விட்டுவிட்டாள் என்று அவன் நம்பினான்.

விடவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு சலவைக்கூடத்துக்கே இவனைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். செத்துக்கிடக்கிற அம்மா மேல் கோபப்படக் கூடாது என்று தெரியும். கோபம் வந்தது. காது மடல் சுட்டது.

அம்மாவின் கால்மாட்டில் ஓர் உயரமான பெண்மணி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். யாரோடும் பேசவில்லை. விரிப்பின் ஓரத்தை விரலால் நீவி நீவி நேராக்கிக்கொண்டே இருந்தார். அம்மா வேலைக்கு வரவில்லையே என்று காலையில் போன் செய்து, அக்கா சொன்னதைக் கேட்டு, ஒரு அவசரம் என்று மட்டும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஓடி வந்தவர். நான் அவளோட ஜோடி என்றுதான் அக்காவிடம் அறிமுகம் செய்துகொண்டாராம். சேர்ந்து மடிக்கிற இரண்டு பேருக்கு அங்கே அப்படித்தான் பெயர். இருவரும் ஒருவரையொருவர் ஜோடி என்றே கூப்பிட்டுக்கொள்வார்களாம். அம்மா குள்ளம், இவர் நெட்டை. நல்ல ஜோடிதான்.

கொஞ்சம் வர்றீங்களா என்று சின்னவன் அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனான். துணி காயப்போடும் இடம் அது. கொடியில் அம்மாவின் நீல நிற வேலை அங்கி தொங்கியது. நேற்று மத்தியானம் அவளே துவைத்துப் போட்டது. சின்னவன் போனை நீட்டினான்.

"இதை வச்சுத்தான் அங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்தீங்களா?"

ஜோடியம்மா போனை வாங்கிப் பார்த்தார். பிறகு அவன் தாடியையும் கண்ணையும் பார்த்தார். கேள்வி அவருக்குப் புரியவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

"சிரிக்கவா? இதை எதுக்குத் தம்பி சிரிக்கணும்?"

அவர் சொல்லச் சொல்லச் சின்னவன் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அங்கே பாதிப் பேருக்கு எழுத வராது. ஒருத்திக்கு இஸ்திரி ரோலரில் கை வெந்தது. அந்தச் சேதி வந்தபோது என்ன போடுவதென்று தெரியாமல் எல்லாரும் முழித்துக்கொண்டிருக்க, அம்மா இந்த முகத்தை அனுப்பினாள். அப்புறம் இன்னொருத்தியின் புருஷன் போனான், அப்போதும் அனுப்பினாள். அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் இந்த முகத்தைப் போடுவார்கள். பார்க்கிறவர்கள் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். முதலில் அதையே திருப்பி அனுப்புவார்கள். பிறகுதான் விசாரிப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிற மாதிரி சின்ன விஷயத்துக்கெல்லாம் இதைப் போடக் கூடாது, அதற்குப் பூப்படம் இருக்கிறது.

"ஊரே இதைப் பார்த்துச் சிரிச்சுதும்மா" என்றான் சின்னவன். தன் வாயால் இதை ஒருவரிடம் சொல்வது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

"சிரிச்சிருக்கும். எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு இது உங்கம்மாகிட்டேருந்து தானே வந்துச்சு." அவர் போனை முந்தானையால் துடைத்தார். "ஒரு நாள் கேட்டேன், ஏன் ஜோடி பெத்த பிள்ளை அழுறதையே அனுப்புறேன்னு. எனக்கு அழ வராதுடின்னா. வீட்டுக்காரர் செத்தப்பக்கூட வரல, என்னைக் கல்லுன்னாங்க. யாருக்காவது கஷ்டம்னா இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? என் பையன் மனசார அழுவான், மூக்கு ஒழுகறதுகூடத் தெரியாம அழுவான், அதான் அவனை அனுப்புறேன்னா."

கொடியில் அங்கி காற்றுக்கு லேசாக ஆடியது. உள்ளே யாரோ வந்த சத்தமும் அக்காவின் அழுகையும் கேட்டன.

"நானே குரூப்ல சொல்லலாம்னுதான் பார்த்தேன். கை ஓடல. நீயே போட்டுடு தம்பி" என்றார் ஜோடியம்மா.

அவன் எழுதப் பார்த்தான். அம்மா என்று எழுதினான். அதற்கு மேல் போகவில்லை. அழித்தான். இன்று விடியற்காலை என்று ஆரம்பித்தான். அது செய்தித்தாளில் வருகிற விளம்பரம் மாதிரி இருந்தது. அதையும் அழித்தான். ஸ்டிக்கர் வரிசையைத் தொட்டதும் முதல் ஆளாக நின்றது அவன்தான். வேறு யார் நிற்பார்கள், அம்மா அதிகம் அனுப்பியது அவனைத்தானே. நசுங்கிய கட்டைவிரலை விட்டுவிட்டு ஆள்காட்டி விரலால் அழுத்தினான். அம்மாவின் பெயரில் அவன் முகம் போயிற்று.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று வந்தது. அடுத்து இன்னொன்று. மெஷின்களுக்கு நடுவே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக எடுத்து அனுப்புகிறார்கள் போலிருக்கிறது. வந்துகொண்டே இருந்தது. ஒருத்தியும் என்ன என்று கேட்கவில்லை.

சின்னவன் அந்த முகத்தைப் பார்த்தான். இத்தனை வருடமும் அவன் பார்த்தது குமிழியை மட்டும்தான். அதைச் சுற்றி ஒரு பையன் இருந்தான். நெற்றியில் பரு. காலர் ஒரு பக்கம் மடங்கி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. காது இரண்டும் சிவந்திருந்தன. சீட்டுக்கட்டை மூட்டை கட்டச் சொன்னதற்கு இப்படியா உடைந்துபோவான் ஒருத்தன்? நடிப்பு இல்லை, துளி இல்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. இவனைப் போட்டு எத்தனை வருடம் வெறுத்துவிட்டோம் என்று நினைத்தான்.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை முகம் இல்லை, எழுத்து. யாரோ ஒருத்தி தட்டுத்தடுமாறி அடித்திருந்தாள்.

"அக்கா என்னாச்சு. உங்க வீட்லயா. பையன் நல்லா இருக்கானா."

சின்னவன் அதைப் படித்தான். ஜோடியம்மாவும் எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. வண்டி வந்துவிட்டது என்று சித்தப்பா குரல் கொடுத்தார். சின்னவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

தூக்கும்போது அவனுக்குக் கால்பக்கம் கிடைத்தது. அம்மா இவ்வளவு லேசாக இருப்பாள் என்று அவன் நினைக்கவில்லை. வண்டிக்காரர்கள் கொண்டுவந்த படுக்கைக்கு மாற்றி, அவர்களுடைய துணியால் மூடினார்கள். ஆஸ்பத்திரி விரிப்பு தரையில் குவிந்து கிடந்தது. வண்டியோடு வந்தவர் அதை அள்ளிச் சுருட்டப் போனார்.

"இருப்பா" என்றார் ஜோடியம்மா.

அவர் விரிப்பை உதறிக் கையில் எடுத்தார். குறுக்கே ஓடிய பழைய மடிப்புக் கோட்டைத் தடவிப் பார்த்தார். இது எங்ககிட்டேருந்து போனதுதான், நானும் அவளும் மடிச்சது என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். சுருட்டிக் கொடுத்தால் அவளுக்குப் பிடிக்காது என்றார். பிறகு இரண்டு முனைகளைச் சின்னவனிடம் நீட்டினார்.

"புடி. இறுக்கி இழு. எப்பவும் அவதான் நடந்து வருவா, நான் நிப்பேன்."

சின்னவன் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். விரிப்பு கூடத்தின் நடுவே விறைத்து நின்றது, சற்று முன் அம்மா கிடந்த இடத்துக்கு மேலே. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. யாரோ பதிலுக்குக் காத்திருக்கிறார்கள், பையன் நல்லா இருக்கானா என்று தெரிந்துகொள்ள.

முதலில் மூக்குதான் ஒழுகியது. பிறகு கண். பிறகு மார்புக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பி வாய் கோணிக்கொண்டது. முகத்தைப் பொத்தக் கை வேண்டுமே, இரண்டு கையிலும் விரிப்பின் முனை இருந்தது. விட்டால் தரையில் விழும். கூடம் நிறைய ஆட்கள் நின்றார்கள். எதிர் வீட்டுக்காரர் கையில் போன் இருந்தது. சின்னவனுக்குத் தன் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்தது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"கிட்ட வா" என்றார் ஜோடியம்மா.

அவன் துடைக்காத முகத்தோடு, முனைகளை விடாமல், அம்மா நடக்கிற பக்கத்திலிருந்து நடந்து போனான். ஜோடியம்மா அவன் நசுங்கிய கட்டைவிரலில் படாமல் முனைகளை வாங்கித் தன் முனைகளோடு சேர்த்தார். தொங்கிய மடிப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"இன்னும் ஒரு மடிப்பு இருக்கு" என்றார்.